டிரைவரே, வரலாம்

நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையின் பார்க்கிங்கில், போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வாடகை டிரக் ஒன்றை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். வீடு மாறுகிறார்கள் போல. அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு பின்னால் நின்று, ஒரு கையை ஆட்டி ஆட்டி, "வரலாம், வரலாம், வரலாம்... ஏங்க, போதும்!" என்று கத்தினார். கையிலிருந்த இட்லி மாவு டப்பாவைக் காரின் மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அப்போதுதான் தோன்றியது: அந்த வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் டெக்சாஸில் விட்டால் என்ன?

எந்த வண்டி, யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி, கலிபோர்னியாவின் பிளசன்டனில் ஒரு வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய ஆர்.வி. உள்ளேயே அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் வைத்த, பாதி வேனும் பாதி வீடுமான சங்கதி. சொந்தக்காரர் ஓர் ஆன்ட்டி. இப்போது டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே அவருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கிளம்பப்போகும் கார்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். மருமகனின் கார், பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப், கோயில் பார்க்கிங்கில் யாரோ முகம் தெரியாதவரின் கார். சத்தமில்லாமல் போய் நின்று கையைத் தூக்குகிறார். அவர் குள்ளம், உயரமான வண்டிகளின் கண்ணாடியில் அவர் தலை தெரியாது. இதைச் சொல்லும்போது மகள் முதலில் சிரித்தாள், சொல்லி முடிக்கும்போது அழுதாள். "ஒன் டே யாராவது பாக்காம ஏத்திடுவாங்க" என்றாள்.

பிளசன்டன் வீட்டை விற்கிறார்கள். வண்டியைக் காயலான் கடைக்கு இழுத்துப் போகவும் ஏற்பாடு செய்துவிட்டாள். அது போய்விட்டால் அம்மா மறந்துவிடுவார் என்பது அவள் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. ஏனென்று சொல்ல ஆன்ட்டியைக் கொஞ்சம் வரைந்து காட்ட வேண்டும். பெயர் வேண்டாம். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவர் கணவர், எங்களுக்கு அங்கிள், கூப்பிட்டது "கிளீனரே" என்று. நாங்கள் எல்லோரும் ஆன்ட்டி.

நான் அப்போது சன்னிவேலில் இருந்தேன். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் சில மாதங்களுக்குத் தலைகால் புரியாது. பாறை ஏறினேன், ரொட்டி சுட்டேன், அடுத்தது கேம்ப்பிங். கோடை முழுக்க வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் டென்ட்டைக் காரில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் ஓடுகிற ஒரு தமிழ்க் கும்பலில் சேர்ந்துகொண்டேன். அந்தக் கும்பலில் வயதானவர்கள் அந்த இருவர்தான். ஆர்.வி. வைத்திருந்ததும் அவர்கள்தான்.

அங்கிளின் ஊர் நாமக்கல். வீட்டில் லாரி வைத்திருந்தவர்கள். இவர் படித்து, இங்கே வந்து, சிப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டால் லாரிக்காரர்தான். ஆட்டோமேட்டிக் வண்டியை நிறுத்தினால் எல்லோரும் கியரைப் பார்க்கில், அதாவது சக்கரம் உருளாமல் பூட்டும் நிலையில், போடுவோம். அவர் நியூட்ரலில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்து வைப்பார். அது காலால் ஒருமுறை மிதித்தால் அப்படியே பூட்டிக்கொள்கிற பார்க்கிங் பிரேக். அவர்கள் இருவருக்கும் அது ஹேண்ட் பிரேக். ஒருமுறை நான் கேட்டேன். "லாரியில ஏது கண்ணு பார்க்கு? நியூட்ரலு, ஹேண்ட் பிரேக்கு, சக்கரத்துக்குக் கட்டை. அம்புட்டுத்தான்" என்றார். கட்டையும் இருந்தது. முக்கோணமாகச் சீவிய, எண்ணெய் ஏறிக் கறுத்த மரக்கட்டை.

கேம்ப்பில் அவர்கள் வண்டி வந்து சேர்வதே ஒரு காட்சி. ஆன்ட்டி முன் கதவைத் திறந்து குதிப்பார். புடவை கிடையாது, சுடிதார், கான்வாஸ் ஷூ, தலையில் தொப்பி. முதலில் குழந்தைகளை விரட்டுவார். "பின்னாடி ஒரு ஈ காக்கா நிக்கப்படாது! சைக்கிள எடு சாமி!" இடத்தின் கடைசியில் கட்டையை வைப்பார். அதற்கு அந்தப்பக்கம் ஓரமாகப் போய் நின்று, இடது கையை உயர்த்தி, மலையே கேட்கும்படி கத்துவார்.

"டிரைவரே, வரலாம்! வரலாம், வரலாம்... லெப்ட்ல ஒடி... வரலாம்... ஹோல்டான்!"

சக்கரம் கட்டையை முத்தமிட்டு நிற்கும். வண்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். அங்கிள் இறங்கி வந்து, "கிளீனரே, காப்பி உண்டுங்களா?" என்பார். "டிரைவருக்கு இல்லாததா?" என்பார் இவர்.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. அங்கிள் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். மகள் ஒரு கேமரா வாங்கிப் பொருத்திக் கொடுத்திருந்தாள். அதன் திரைமேல் கைக்குட்டையை மடித்துத் தொங்கவிட்டிருப்பார். ரேடியோவை அணைப்பார், ஜன்னலை இறக்குவார், எதிரே இருக்கிற மரத்தைப் பார்த்தபடி குரலுக்கு மட்டும் வண்டியை நகர்த்துவார். நான் அதிசயப்பட்டுக் கேட்டேன். "கண்ணாடியப் பாத்தா கிளீனர நம்பலைன்னு ஆயிரும். அப்பறம் காப்பி வராது" என்றார். ஆன்ட்டி உள்ளேயிருந்து, "சாப்பாடும் வராது!" என்றார்.

வண்டியைப் பராமரிப்பது முழுக்க ஆன்ட்டியின் இலாகா. அதில் அவரிடம் யாரும் வாயைக் கொடுத்துத் தப்ப முடியாது. மழைக்காலம் முடிந்ததும் ஏணி போட்டுக் கூரைமேல் ஏறி, தண்ணீர் புகக்கூடிய ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துப் பசை வைப்பார். குளிர்காலத்தில் எலி வராமலிருக்க அந்துருண்டை போடுவார்; முதல் ட்ரிப்பில் பிரியாணிகூட அந்துருண்டை வாசம்தான் அடிக்கும். டயரைப் பார்த்தால் உடனே பாடம். "ரப்பர் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும் கண்ணு. நின்ன எடத்துலயே வெயில்ல செத்துப்போயிருக்கும். ஓடுற வண்டி கெடாது. நிக்கிற வண்டிதான் கெடும்." ஜெனரேட்டரை மாதாமாதம் ஓட விடுவார். "சும்மா விட்டா கோவிச்சுக்கும்" என்பார், யாரோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

அந்தக் குளிர்காலத்தில் அங்கிள் இறந்துபோனார். வீட்டில், சோபாவில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது. ஆன்ட்டி அடுப்படியில் இருந்திருக்கிறார். துக்கத்துக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார். "நான் சொல்லாம ஒரு அடி நகர மாட்டாரு கண்ணு. இப்பப் பாரு."

வண்டியை விற்றுவிடுவார் என்றுதான் நினைத்தோம். அடுத்த கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நாங்கள் டென்ட் அடித்துக்கொண்டிருந்தபோது அது வந்து நின்றது. ஸ்டியரிங்கில் ஆன்ட்டி. பழகி, டெஸ்ட் எடுத்து, ஃப்ரீவேயில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் கைதட்டினோம். "என்ன கும்பலாப் பாக்கறீங்க, கண்ணு வெச்சிராதீங்க" என்றார். நான் பின்னால் ஓடினேன்.

"ஆன்ட்டி, நான் நின்னு சொல்றேன், நீங்க வாங்க."

"வேண்டாங்கண்ணு. நீ தள்ளிப் போ."

"பெரிய வண்டி ஆன்ட்டி!"

"எனக்குத் தெரியாதா? தள்ளுங்கறனல்ல."

அவரே இறங்கினார். கட்டையை வைத்தார். குழந்தைகளை விரட்டினார். பின்னால் போய் நின்று கையை உயர்த்தி, யாரும் இல்லாத டிரைவர் சீட்டைப் பார்த்து, "டிரைவரே, வரலாம்!" என்று கத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி அசையவில்லை. சற்று நேரம் கையை உயர்த்தியபடியே நின்றார். பிறகு எதுவும் நடக்காதது போல முன்னால் வந்து ஏறி, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தார். மறுபடி இறங்கி, பின்னால் போய், கத்தி, காத்திருந்து, வந்து ஏறினார். இப்படியே கட்டைவரை.

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரெண்டு வேலையையும் ஒரே ஆளாகப் பார்க்கிறார், என்ன ஒரு ஆன்ட்டி என்று.

அந்தக் கோடையில் அவரோடு ஒட்டிக்கொண்டேன். என் டென்ட்டை அவர் வண்டிப் பக்கத்திலேயே போடுவேன். காலையில் தோசை கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். தோசையில்தான் முதலில் பார்த்தேன். கல்லில் எண்ணெய் ஊற்றினால் அது ஒரு பக்கமாக ஓடியது. ஒவ்வொரு ட்ரிப்பிலும், ஒவ்வோர் இடத்திலும், வண்டியின் பின்பக்கத்தை நோக்கியே ஓடியது. மோர் சீக்கிரம் புளித்தது. அந்த வகை ஃபிரிட்ஜ் சாய்வாக நின்றால் குளிராது என்று எனக்கு ஆன்ட்டிதான் போன வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆர்.வி. வைத்திருப்பவர்கள் சமதளமான இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். சக்கரத்துக்கடியில் பலகை வைத்து மட்டம் பார்க்காமல் தூங்க மாட்டார்கள். அங்கிள் இருந்தபோது இவர்களும் அப்படித்தான்.

"ஆன்ட்டி, பக்கத்து எடம் ஃபிளாட்டா காலியாத்தான இருந்துச்சு? ஏன் இத புக் பண்ணீங்க?"

"காத்து வரும் கண்ணு" என்று தோசையைத் திருப்பினார். கேமராத் திரையில் அங்கிளின் கைக்குட்டை தொங்கியது. துவைத்து, இஸ்திரி போட்டு, அதே மடிப்பில்.

ஆகஸ்டில் மலையடிவார ஏரி ஒன்றுக்குப் போனோம். பைன் மரங்கள், மதிய வெயில், ஏரியிலிருந்து குழந்தைகளின் கூச்சல். ஆன்ட்டியின் இடம் நன்றாகவே பின்னுக்குச் சரிந்திருந்தது. அவர் வழக்கம்போல இறங்கினார், கட்டை வைத்தார், சுற்றிப் பார்த்தார். நான் நாற்காலி போட்டுத் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"டிரைவரே, வரலாம்!"

வண்டி வந்தது.

சீட்டில் யாருமில்லை. ஜன்னல் இறங்கியிருந்தது. அத்தனை பெரிய வெள்ளை வண்டி, சருகுகள் நொறுங்க, ஒரு மாடு திரும்புவது போல நிதானமாக அவரை நோக்கிப் பின்னால் வந்தது. நான் கத்தினேனா என்று எனக்கே தெரியாது. தர்பூசணிக் கத்தி கையிலிருந்து கீழே விழுந்தது ஞாபகமிருக்கிறது. ஆன்ட்டி நகரவில்லை. முன்பு ஓரமாக நிற்பவர், இப்போது நேர் பின்னால் நின்றார். "வரலாம், வரலாம், வரலாம்" என்றார். அந்தக் குரலில் அவசரமே இல்லை. வீட்டு வாசலில் விருந்தாளியைக் கூப்பிடுகிற குரல். "ஹோல்டான்" என்றார். சக்கரம் கட்டையில் இடித்தது. வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு கைகூட நுழையாது. அவர் கையைத் தூக்கி அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

நான் ஓடிப்போய் ஏறினேன். கியர் நியூட்ரலில் இருந்தது. பிரேக் மிதித்தபடியே இருந்தது. இருந்தும் பிடிக்கவில்லை. கியரைப் பார்க்கில் தள்ளி, எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன்.

"ஆன்ட்டி, பிரேக் புடிக்கல! வண்டி உருண்டுடுச்சு!"

"உருளலைங்கண்ணு. வந்துச்சு."

"மெக்கானிக்குக்குத் தெரியுமா?"

"அவன் போன மாசமே அடியில படுத்துப் பாத்தான். கேபிள் தளந்துருச்சு, மாத்தோணும்னான். ஆயில மட்டும் மாத்துடான்னு அனுப்பிட்டன்."

அந்துருண்டைக்கும் டயருக்கும் கூரைப் பசைக்கும் அத்தனை பாடுபடுகிறவர் அவர். எனக்குப் புரியவில்லை. "ஏன் ஆன்ட்டி?" என்றேன். அவர் என் தோளில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டார்.

"உங்ககூட வாரதுக்கு முந்தியே, மொதத் தடவ தனியா ஒரு எடத்துக்குப் போனப்ப, கத்திப் பழகுன வாயி, கத்திப்போட்டன். எம்பட கொரலுக்கு வந்துச்சு. எல்லா எடத்துலயும் வராது. சில எடத்துலதான் வரும்." கொஞ்சம் வெட்கப்பட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கேபிள மாத்திப்போட்டா அப்பறம் யாரு வருவா?"

அந்த மதியம் முழுவதும் எனக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது. அறிவியல் எல்லாம் எனக்குத் தெரியும். சரிவு, தளர்ந்த கேபிள், எஞ்சினின் அதிர்வு. அவருக்கும் தெரியும், தெரிந்துதான் சரிவாகப் பார்த்துப் பார்த்து இடம் பிடித்தார். இருந்தும் அந்த ஜன்னல் இறங்கியிருந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆன்ட்டி இறங்கும்போது அதை இறக்கிவிட்டுத்தான் இறங்குவாராம். டிரைவருக்குக் குரல் கேட்க வேண்டுமே.

மறுநாள் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். கட்டை ஒருமுறை நழுவியிருந்தால் போதும். அந்த மாதமே மகள் வந்து அம்மாவை டெக்சாஸுக்குக் கூட்டிப் போனாள். நானும் பிறகு வேலை மாறி நியூ ஜெர்சி வந்துவிட்டேன். வண்டி தார்ப்பாய்க்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பார்க்கிங்கிலிருந்தே மகளைக் கூப்பிட்டேன்.

"ஆர் யூ கிரேஸி? டோ டிரக் புக் பண்ணியாச்சு. அது ஒரு டெத் டிராப்."

"கேன்சல் பண்ணுங்க. பிரேக்க, டயர எல்லாத்தையும் மாத்திட்டு நான் ஓட்டிட்டு வரேன்."

"வண்டியப் பாத்தா அம்மாவுக்கு இன்னும் வொர்ஸ் ஆகும்."

"வண்டிய அவங்ககிட்டேர்ந்து பிரிச்சதுக்கு அப்புறம்தான ஊர்ல இருக்கற கார் பின்னாடில்லாம் போய் நிக்கறாங்க?"

"இரு, அம்மா பக்கத்துலதான் இருக்கா" என்றாள். போன் கை மாறியது.

"போட்டுக் குடுத்தவதான நீயி?" என்றது குரல்.

"ஆமா ஆன்ட்டி."

"இப்ப என்னத்துக்குக் கூப்புட்ட?"

"வண்டிய அங்க கொண்டு வரப்போறேன்."

"டயரு செத்துப் போயிருக்கும்" என்றார். "கூரைக்கு யாரு பச வெச்சா? எலி பூந்திருக்கும்." அடுக்கிக்கொண்டே போய், கடைசியில், மிக மெதுவாக, "கேபிளு?" என்றார்.

"மாத்திட்டுத்தான் கொண்டு வருவேன் ஆன்ட்டி."

"அப்ப அது வெறும் வண்டி. எனக்கு என்னத்துக்கு?"

"நான் உக்காந்திருப்பேன். நீங்க சொன்னா வருவேன். ஹோல்டான்னா நிப்பேன்."

"கண்ணாடியப் பாப்பே."

"பாக்க மாட்டேன்."

"எல்லாரும் இப்புடித்தான் சொல்றது. மாப்பளயும் பாக்க மாட்டேன்னாரு. வாயத் தொறக்கறதுக்கு முந்தி அவுரு காரே பீப்பு பீப்புங்குது." அங்கே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "இங்க வாசலு நல்ல சரிவு" என்றார். "கட்டை வண்டிக்குள்ள சிங்குக்கு அடியில இருக்குது. மறந்துபோட்டு வந்துராத."

வெள்ளிக்கிழமைக்கு சான் ஹோசேவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மெக்கானிக் சனிக்கிழமை வருகிறான். கேபிள், டயர், பேட்டரி. பாலைவனத்தைக் காலை நேரங்களில் மட்டும் ஓட்டிக் கடக்க வேண்டும், மதியத்தில் புது டயரும் தாங்காது. அதெல்லாம் எனக்குப் பயமில்லை. படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை.

பழக வேண்டியது வேறு. அதனால் என் ரூம்மேட்டைத் தினமும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் காருக்குப் பின்னால், ஓரமாக, நிற்க வைக்கிறேன். அவள் தெலுங்குப் பெண். "வரலாம்" மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேமராத் திரையில் கைக்குட்டை. ரேடியோ இல்லை, ஜன்னல் கீழே, கால் பிரேக்கின் மேல். எதிரே ஒரு மேப்பிள் மரம். அதையே பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் என் கண் தானாகக் கண்ணாடிக்கு ஓடிவிடுகிறது. நேற்று ஒரே ஒரு தடவை ஓடவில்லை.

டெக்சாஸில், அந்தச் சரிவான வாசலில், ஆன்ட்டி பின்னால் நின்று கையைத் தூக்குவார். "டிரைவரே" என்பார். நான் வர வேண்டும். யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.